ஜெயந்தியின் சாம்பல் நிறச் சடை

ஜெயந்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். கூட்டிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. இன்று காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியை அவள் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தியதுமே எங்கள் பத்தாம் வகுப்பு வரிசைக்குப் புரிந்துவிட்டது.

பிறந்ததிலிருந்தே அவள் முடி சாம்பல் நிறம். மேனாம்பேட்டிலிருந்து வரும் மல்லிகா முதல் நாளே கேட்டாள்: "இன்னா பாட்டி, கைத்தடிய ஊட்லயே வச்சுட்டு வந்துட்டியா?"

"பாட்டின்னு தெரியுதில்ல? கால்ல வுழுடி, ஆசீர்வாதம் பண்றேன்" என்றாள் ஜெயந்தி. மல்லிகா நிஜமாகவே விழுந்தாள். அதன்பின் ஒவ்வொரு பரீட்சைக்கு முன்பும் வகுப்பே ஜெயந்தியின் காலில் விழுந்தது.

வெளிச்சம் பட்டால் அவள் கண் கூசும். அவள் வகுப்புக்குள் வருமுன் யாராவது டியூப்லைட்டை அணைத்துவிடுவோம்.

சென்ற ஆண்டு வந்த காய்ச்சல் விடவேயில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் வரைந்து காட்டினாராம். நம் செல்களுக்குள் சின்னச் சின்னப் பைகள் உண்டு. முடிக்கு நிறம் தரும் பொருளும் கிருமியைக் கொல்லும் பொருளும் அந்தப் பைகளில்தான் போகும். அந்தப் போக்குவரத்தைச் சீராக்கும் மரபணு அவளுக்குப் பழுது. பைகள் ஊதிப்போய் வழியிலேயே நின்றுவிடும்.

"நம்ம ஆவடி லோக்கல் ட்ரெயின் மாதிரிடி. எல்லாரையும் ஏத்திக்கும், அம்பத்தூர்ல நின்னுடும்" என்று எனக்குச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் அப்பாவுக்கு டாங்கித் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் வாசலில் என் அப்பாவிடம் சொன்னார்: "அந்த ஜீனை இப்பதான் ஃபாரின்ல கண்டுபுடிச்சாங்களாம். எங்க ஒர்க்ஷாப்புல எந்த பார்ட் போச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி சார். இங்க தெரிஞ்சும் கைய கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

கூடப் பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் ஒரு வழி உண்டு என்றார்கள். அவள் ஒரே பிள்ளை. "என்னோடத எடுத்துக்கங்க ஆன்ட்டி" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். அவர் என் தலையைத் தடவி, "நீ சாப்ட்டியாம்மா?" என்றார்.

அவளுடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொய்ப் பாட்டியின் ஆசீர்வாதமும், எந்த அறைக்குள் போனாலும் சுவிட்சைத் தேடும் கையும்தான். அவளுக்காக எங்களால் செய்ய முடிந்தது விளக்கை அணைப்பது ஒன்றுதான்.

கூட்டம் முடிந்து வகுப்புக்கு வந்தோம். மழை இருட்டு. ஆசிரியை விளக்குகளைப் போட்டார்.

"வேணாம் மிஸ், அவளுக்குக் கண்ணு கூசும்" என்றாள் மல்லிகா.

ஜெயந்தியின் காலி இடத்தை ஆசிரியை சற்று நேரம் பார்த்தார். பிறகு விளக்குகளை அணைத்தார்.