குழாயில் அடைந்து கிடந்த வாயு

எரிவாயுக் கட்டுப்பாட்டு அறையில் அவளை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜக் குழாய்களைப் போலவே கணினிக்குள்ளும் ஒரு குழாய் வலையை ஓடவிட்டு, மாலையில் எங்கே எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று காலையிலேயே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் பலித்துவிடும். அதனால் வாயும் கொஞ்சம் நீளம்.

அன்று காலை பல்லைக் கிட்டவைக்கும் குளிர். வழியில் வாயுவை உந்தித் தள்ளும் கம்ப்ரஸர் படுத்துவிட்டது. வீடுகளுக்குக் குறையக் கூடாதே என்று, கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போகும் வால்வை மூடச் சொன்னார் ஷிப்ட் தலைவர். மூடினால் உலை அணையும். உருகிய கண்ணாடி உள்ளேயே இறுகிவிடும். பிறகு உலையை இடிக்க வேண்டியதுதான். அந்த உலைக்குப் பொறுப்பு அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

"மூட வேணாம் சார். குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்கிற வாயுவே சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள கம்ப்ரஸர் எழுந்துடும்."

"இது கணக்கா, அத்தான் பாசமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாற்காலியை விட்டு எழுந்தாள். "நீங்களே ஓட்டிப் பாருங்க."

அவர் வேண்டுமென்றே குளிரையும் வீடுகளின் தேவையையும் கூட்டிப் போட்டு ஓட்டினார். அழுத்தக் கோடு இறங்கியது, ஆனால் அபாய எல்லையைத் தொடவில்லை. சரி என்று தலையாட்டினார்.

சற்று நேரத்தில் நிஜ அழுத்தம் கணக்கைவிட வேகமாகச் சரிந்தது.

"என்னம்மா, ஜோசியம் கவுந்துடுச்சா?"

அவள் திரையைத் துழாவினாள். கம்ப்ரஸரைத் தாண்டிய பிறகுதான் வித்தியாசமே தொடங்கியது. கம்ப்ரஸர் நின்றால் வாயு சுற்றிப் போவதற்குப் பக்கக் குழாயின் வால்வு தானாகத் திறக்கும். கணக்கில் அது முழுசாகத் திறந்திருந்தது. பாதி திறந்ததாக மாற்றி ஓட்டினாள்; கணக்குக் கோடு நிஜக் கோட்டின் மேலேயே விழுந்தது. கம்ப்ரஸர் நிலையத்து ஆபரேட்டருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பக்கக் குழாய் வால்வு பாதிதான் திறந்திருக்கு."

"பச்சை லைட் எரியுதேம்மா."

"லைட்டை விடுங்க. கையால திருப்பிப் பாருங்க."

போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"அட ஆமா, சிக்கிக் கிடக்குது!" என்று கத்திய ஆபரேட்டர், அதைக் கையாலேயே முழுசாகத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நிஜக் கோடு கணக்கின் கோட்டோடு வந்து சேர்ந்துகொண்டது. மதியம் கம்ப்ரஸரும் எழுந்தது. உலை எரிந்துகொண்டே இருந்தது.

"தப்பாப் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டார் ஷிப்ட் தலைவர்.

"நானே மூடியிருப்பேன் சார். அக்காகிட்டயும் நானே சொல்லியிருப்பேன்."

அவர் அவளுடைய இரண்டாவது திரையை எட்டிப் பார்த்தார். தொழிற்சாலை வால்வை மூடும் கட்டளை காலையிலிருந்தே அங்கே தயாராக நின்றது. ஒரு சொடுக்குதான் பாக்கி.