நாய்க்கு நேர்ந்துகொண்ட பால்குடம்

சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். பினாங்கில் கெலுகோர் பக்கம், வரிசை வீடு ஒன்றில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். என் தையல் மெஷின் முன் ஜன்னலோரம் இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு முன்வாசல் தெரியும். அங்கேதான் அந்த நாய் சங்கிலியில் கட்டிக் கிடந்தது.

ஒரு காலத்தில் பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருந்த நாய்தான். அந்த வருடம் முதலில் காதோரம் முடி கொட்டியது. பிறகு முதுகு, வயிறு, வால் என்று பரவி, கடைசியில் உடம்பில் முடி என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. தோல் தடித்து, வெடித்து, அங்கங்கே சீழ் வேறு. நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும். நான் மெஷினை மிதித்தால் மெஷின் சத்தம், நிறுத்தினால் சங்கிலிச் சத்தம். மத்தியானச் சோறு தொண்டைக்குள் இறங்காது.

பக்கத்து வீட்டுக்காரர் தனியாள். ஒரே மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். அவருக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் வேலை. இருட்டோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பி ஃபெரி பிடித்தால், பொழுது சாயும்போதுதான் திரும்புவார். எனக்கு அவர் அண்ணே, அவருக்கு நான் அக்கா. யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் இன்றுவரை கேட்டுக்கொண்டதில்லை.

நான் சொல்லாமலும் இல்லை. "அண்ணே, நாய டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே, பாக்க முடியல" என்று வேலியோரம் நின்று சொன்னேன். "காட்டணும்க்கா, வர்ற ஞாயித்துக்கெழம காட்டணும்" என்பார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த வாரமும் வரவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். நான் கொஞ்சம் கோபக்காரி. ஒருவரைப் பற்றி முடிவு கட்ட எனக்கு அதிக நேரம் ஆகாது.

என் கணவர் 'நமக்கெதுக்கு வம்பு' ரகம். ஆனால் வரிசையில் மற்றவர்கள் அப்படி இல்லை. நாற்றம் தாங்கவில்லை, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், மாநகர் மன்றத்துக்குப் போன் போடப் போகிறோம் என்று கோடி வீட்டு அம்மா என்னிடம் வந்து சொன்னார். நாய் பிடிக்கும் லாரியில் ஏறிய நாய் வீடு திரும்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. "கொஞ்ச நாள் பொறுங்கம்மா, நான் அவர்கிட்ட பேசறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

பேசி என்ன ஆகப்போகிறது? எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அம்மை போட்டாலும் அதுதான், சேற்றுப்புண் வந்தாலும் அதுதான். வேப்பிலையும் மஞ்சளும். மறுநாள் காலை அவர் மோட்டார் சத்தம் தெரு முனை தாண்டியதும், ஒரு சட்டி நிறைய அரைத்து எடுத்துக்கொண்டேன். கையை விடப் பயம். அதனால் வேலிக்குப் பெயிண்ட் அடிக்க என் கணவர் வாங்கி வைத்திருந்த பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டேன்.

குரைக்கும், கடிக்க வரும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அது மெதுவாக எழுந்து வந்து வேலிக் கம்பியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. கம்பி இடைவெளியில் பிரஷ்ஷை விட்டு ஒரு பக்கம் முழுக்கப் பூசினேன். பிரஷ் போதாமல் கடைசியில் கையையே விட்டேன். முடித்ததும் அது தானாகத் திரும்பி மறுபக்கத்தைக் காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை மாதமாக அதை யாரும் தொடவில்லையோ, பாவம்.

மத்தியானம் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. முன்வாசல்வரை சாரல் அடித்து, பூசிய விழுதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மஞ்சள் நிறம் மட்டும் போகவில்லை. முடியில்லாத தோல் ஆயிற்றே, தலையிலிருந்து வால்வரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அது சாய்ந்து படுத்த சுவரில்கூட ஒரு மஞ்சள் திட்டு. என் பத்து விரலும் அதே நிறம். அன்றைக்கு முடிக்க வேண்டிய வெள்ளை ரவிக்கை ஒன்றைத் தொடவே முடியாமல் தூக்கி வைத்தேன்.

பொழுது சாய்ந்து அவர் வந்தார். முன்வாசல் விளக்கைப் போட்டார். "டேய், என்னடா, என்னடா இது" என்ற குரல் கேட்டது. அடுத்த நிமிஷம் எங்கள் கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"அக்கா! நாய்க்கு மஞ்ச காமாலக்கா! ஒடம்பெல்லாம் மஞ்சளா போச்சு! காடி எடுக்க முடியுமாக்கா? மோட்டர்ல எப்படிலா கொண்டு போறது? வாடக காடிக்காரனும் ஏத்த மாட்டான்."

'காமாலை இல்லண்ணே, அது நான் பூசின மஞ்சள்' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை வரவே வராது. லாரி மட்டும் வந்து சேரும். திறந்த வாயை மூடிக்கொண்டு எங்கள் காரின் சாவியை எடுத்தேன். பின்னால் நின்ற என் கணவர் என் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "போ, போய் நல்லா மாட்டிக்கோ" என்று மெதுவாகச் சொல்லி, காடிக் கதவை அவரே திறந்துவிட்டார்.

நாயைப் பழைய கைலி ஒன்றில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். டவுனுக்குப் போகும் சாலையில் வழக்கம்போல நெரிசல். அவ்வளவு பெரிய மனிதர் விசும்பிக்கொண்டே வந்தார். விரல் தெரியாமல் ஸ்டீயரிங்கை எப்படிப் பிடிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"தண்ணிமல முருகா, இவனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. தைப்பூசத்துக்கு ஒனக்கு பால்கொடம் எடுக்கறேன்."

எனக்குப் பகீரென்றது. பக்கத்து வீட்டுக்காரரை ஏமாற்றியது போதாதென்று, இப்போது முருகனையும் இதில் இழுத்துவிட்டேனே! அப்போதாவது சொல்லியிருக்கலாம். கிளினிக் வாசல் கண்ணில் பட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு காடியை நிறுத்தினேன்.

சீனப் பெண் டாக்டர். கண்ணைப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தார், சிவப்பாக இருந்தது. ஈரப் பஞ்சால் தோலைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது. அதை முகர்ந்துவிட்டு, "குன்யிட்?" என்றார். மலாயில் மஞ்சளுக்கு அதுதான் பெயர். பிறகு நேராக என் கைகளைப் பார்த்தார். துப்பட்டாவுக்குள் ஒளித்தும் பயனில்லாமல் போய்விட்டது.

எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் மஞ்சள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காமாலையும் இல்லை, ஒன்றும் இல்லை, தோலுக்குள் இருக்கிற பூச்சிதான் காரணம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, மருந்து போட்டுக் குளிப்பாட்டினால் முடி திரும்ப முளைக்கும், இனிமேல் மஞ்சளைக் குழம்போடு வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்கும் ஒரு போடு போட்டார். அரிப்பு அடங்க ஒரு ஊசி போடுவதற்காக அவர் மருந்தை எடுத்ததும், பக்கத்து வீட்டுக்காரர் நாயை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஊசியா டாக்டர்? அந்த ஊசி வேணாம் டாக்டர்" என்றார் மலாயில்.

'அந்த ஊசி' என்னவென்று பிறகுதான் தெரிந்தது. இதற்கு முன்பு அவர் வளர்த்த நாய்க்கும் இதேபோலத் தோல் வியாதி வந்திருக்கிறது. வேறு எங்கேயோ கொண்டுபோய்க் காட்டியபோது, முற்றிப்போய்விட்டது, தேறாது என்று சொல்லி, அவர் மடியில் இருக்கும்போதே ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்துவிட்டார்களாம். பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த மகள் பக்கத்தில் நின்று பார்த்தாளாம். இந்த நாய்க்கு அரிப்பு வந்ததும் யாரோ சொன்னார்கள் என்று கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார். அதை நக்கி வாந்தி எடுத்ததிலிருந்து தொடவே பயம். டாக்டரிடம் வர அதைவிடப் பயம்.

"காமாலைன்னு நெனச்சதும், எப்படியும் போயிடப் போறான், இனிமே என்ன பயம்னுதான் வந்தேங்க்கா" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் கல்நெஞ்சக்காரர் என்று முத்திரை குத்திய மனிதர், அந்த நாய் பிழைக்காது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மாதக்கணக்கில் பயந்து செத்திருக்கிறார். பயந்தது சரி என்று சொல்லமாட்டேன். அந்தப் பயத்தின் விலையை நாய் அல்லவா கொடுத்தது! ஆனால் அவர் வாயிலிருந்து பயத்தைக் கேட்க நான் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. வேலியோரம் நின்று உத்தரவு போட்டதோடு சரி.

திரும்பும்போது சிக்னலில் நின்றபோது பின்சீட்டில் சிரிப்புச் சத்தம்.

"வேப்பெலயும் அரச்சீங்களாக்கா?"

"ஆமாண்ணே."

"அதான்லா, வாசல்ல கோயில் வாசன அடிச்சுது!"

நானும் சிரித்தேன். சிக்னல் மாறி, பின்னால் வந்த காடிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை சிரித்தோம்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ஒழுங்காக வந்தன. அவர் நாயைப் பிடித்துக்கொள்வார், நான் மருந்தைத் தேய்ப்பேன். 'நமக்கெதுக்கு வம்பு' என்றவர் ரப்பர் குழாயோடு நின்று தண்ணீர் பீய்ச்சுவார், பாதி என் மேல். முதலில் அரிப்பு நின்றது. நான் மெஷினை நிறுத்தினாலும் சங்கிலிச் சத்தம் கேட்கவில்லை. பிறகு முதுகில் பூனை மயிர் போல ஒரு படலம் முளைத்தது. கோடி வீட்டு அம்மா ஒரு நாள் பிஸ்கட்டோடு வந்து, "நான் அப்பவே சொன்னேன், நல்ல நாயின்னு" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தைப்பூசம் நெருங்கியது. "காமாலையே இல்லையேண்ணே, அந்த வேண்டுதல் எப்படிச் செல்லும்?" என்று கேட்டேன்.

"காமால இல்லன்னு ஆச்சுன்னா, சாமி கேட்டுச்சுன்னுதானக்கா அர்த்தம்?" என்றார். விடவில்லை மனிதர். "மஞ்ச ஒங்களுது. நீங்களும் ஒரு கொடம் எடுக்கணும்லா."

எடுத்தேன். விரதம் இருந்து, மஞ்சள் புடவை கட்டி, தலையில் பால்குடத்தோடு தண்ணீர்மலைப் படிகளில் நான் ஏற, எனக்கு முன்னால் மஞ்சள் வேட்டியில் அவர் ஏறினார். ஜொகூரிலிருந்து வந்த அவர் மகள் எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கி வந்தாள். ஒரு நாய்க்காக, அதுவும் வராத காமாலைக்காக, இத்தனை பேரா என்று என் கணவர் வழியெல்லாம் கேலி செய்தார். சந்நிதியில் பால் ஊற்றும்போது மட்டும் அவரும் கை கூப்பியதை நான் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நாய் ஓடி வந்தது. மஞ்சள் துணியில் நின்ற எங்கள் இருவரையும் மாறி மாறி முகர்ந்தது. என் காலில் உடம்பைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு பக்கம் தடவி முடித்ததும் தானாகத் திரும்பி நின்றது. அந்தப் பக்கமும் புசுபுசுவென்று முடி.

இப்போதும் நான் கோபக்காரிதான். ஆனால் யாரையாவது கல்நெஞ்சம் என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம், வேலியோரம் அந்த நாய் திரும்பிக் காட்டிய மறுபக்கம் நினைவுக்கு வந்து, முதலில் அவர்கள் வீட்டுக் கேட்டைத் தட்டிவிடுகிறேன்.