பதினேழாம் நம்பர் ஹெட்போன்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். சனிக்கிழமை மதியம், மணி 2.17. கையில் டீ, மனசில் பேய் நினைப்பே இல்லாத நேரம்.

கப்பல் வேலைக்குப் படிக்கும் பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. நான் எங்கே சொல்லிக்கொடுக்கிறேன், கம்ப்யூட்டர்தான் சொல்லிக்கொடுக்கிறது. முப்பது கம்ப்யூட்டர், முப்பது ஹெட்போன். கப்பல் அதிகாரி மாதிரி ஒரு குரல் உத்தரவு போடும். பையன் எட்டு நொடிக்குள் பதில் சொல்ல வேண்டும். மார்க்கும் அதுவே போட்டுவிடும். என் மேஜையில் இருந்தபடி எந்தப் பையன் பேசுவதையும் நான் கேட்கலாம், பட்டனை அழுத்தி அவனோடு பேசலாம்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கடலில் உத்தரவு புரியவில்லை என்றால் மறுபடி கேட்டே ஆக வேண்டும், அதுதான் அங்கே சட்டம். எங்கள் கம்ப்யூட்டரில் மறுபடி கேட்டால் இரண்டு மார்க் போச்சு. கப்பல் பாடம் நடத்தும் ரிட்டயர்டு கேப்டன் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். பிரின்சிபால் காதில் ஏறவில்லை. வாசல் போர்டில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று எழுதியாகிவிட்டதே! அந்த நூறு வந்தால்தான் என் வேலை நிரந்தரம். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன வருஷ வகுப்பில் ஒருவனுக்குப் பட்டப்பெயரே 'மறுபடி'. எதையும் இரண்டு தரம் கேட்பான். மந்தம் இல்லை, தப்பாகச் செய்துவிடக் கூடாதே என்ற பயம். உட்காருவது பதினேழாம் நம்பரில். பேச்சுப் பரீட்சையில் மூன்று தரம் கோட்டை விட்டான். நான்காவது தரத்துக்கு முன்னால் தனியாகக் கூப்பிட்டேன்.

"புரியலைன்னாலும் 'அண்டர்ஸ்டுட்'னு சொல்லிடு. மெஷின் ஒத்துக்கும்."

"புரியாம எப்படி மேடம் புரிஞ்சுதுன்னு சொல்றது?"

"கப்பல்ல போய் ஆசை தீரக் கேட்டுக்கோ."

பாஸ் செய்தான். நூறு சதவீதம். அவனுக்குக் கப்பல், எனக்கு வேலை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் வயிற்றுக்கு நன்றாகவே உதவியது.

அந்தச் சனிக்கிழமை புதுப் பையன்களின் பெயர்களை ஏற்ற வந்திருந்தேன். அறையில் வேறு ஆள் இல்லை. ஏசி சத்தம் மட்டும். 2.17-க்கு என் திரையில் பதினேழுக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது.

பெயரைப் பார்த்தேன். அவன்தான். போன வாரம் என் கையாலேயே அழித்த பெயர்.

சரியாக அழியவில்லை போல என்று நினைத்தேன். போனிலும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். கப்பலிலிருந்து செய்கிறானாக்கும் என்று ஹெட்போனை மாட்டினேன். இன்ஜின் இரைச்சல். யாரோ அவசர இங்கிலீஷில்... நாலாம் நம்பர் டேங்க்... மீதி எனக்கே பிடிபடவில்லை. எங்கள் பாடத்தில் அப்படி ஒரு குரலே கிடையாது.

அப்புறம் அவன் குரல்.

"மேடம்... புரியல. மறுபடி கேக்கலாமா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. லீவு நாளிலும் விடமாட்டானா? பட்டனை அழுத்தினேன்.

"எத்தனை தடவை சொல்றது? அண்டர்ஸ்டுட்னு சொல்லித் தொலை."

ஒன்று... இரண்டு... மூன்று நொடி.

"அண்டர்ஸ்டுட்."

திரையில் மார்க் விழுந்தது. பத்துக்குப் பத்து.

டங்... டங்... இரும்பு ஏணியில் யாரோ இறங்கும் சத்தம். பதினொரு படி எண்ணினேன்.

மூச்சு... வேகமாக.

"டேய்?" என்றேன்.

மூச்சு... இன்னும் வேகமாக...

பிறகு இல்லை.

மணி 2.21.

எழுந்து பதினேழாம் இடத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரே இல்லை. அது ரிப்பேருக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆணியில் ஹெட்போன் மட்டும் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன்.

காதுப் பஞ்சு இரண்டும் வியர்வையில் நனைந்திருந்தன.

திங்கட்கிழமை கேப்டன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையன் போய்விட்டான் என்றார். ரொம்ப நாள் மூடிக்கிடந்த டேங்க். காற்றைச் சோதிக்கும்வரை இறங்காதே என்று வாக்கி டாக்கியில் அவனுக்கு உத்தரவு போயிருக்கிறது. 'அண்டர்ஸ்டுட்' என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான். உள்ளே மூச்சு விடக் காற்றில்லை. உத்தரவு போன கப்பல் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி அவரே சொன்னார். சனிக்கிழமை மதியம் 2.17. நான் கேட்கவே இல்லை.

"மறுபடி கேக்காம விடுற பையனே இல்லையேம்மா அவன்" என்றார்.



கப்பலில் ரேடியோப் பேச்செல்லாம் தானாகப் பதிவாகுமாம். அதில் உத்தரவுக்கும் அவன் பதிலுக்கும் நடுவில் தெரியாத பாஷையில் ஏதோ பேச்சு இருக்கிறது, என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று கப்பல் அதிகாரி இவருக்கு அந்தப் பதிவை அனுப்பியிருந்தார். கேப்டன் தன் போனை என் மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கப்பல்ல பொம்பளை ஆளே கிடையாதும்மா. இது யாருன்னு நீயே சொல்லு."

இன்ஜின் இரைச்சல். அவன் கேட்கிறான், மறுபடி கேக்கலாமா என்று.

அப்புறம் என் குரல். "எத்தனை தடவை சொல்றது?"