முன்வரிசையில் உட்கார்ந்த வாழ்த்துரைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்குச் சில நாட்கள் இருந்தபோது விருதுநகரில் நடந்தது இது.

இந்த மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். தினமும் டைரி எழுதுவேன். பட்டாசு சீசன் வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் வார்டில் கட்டில் காலியாக இருப்பதில்லை. வருகிறவர்களில் பலர் காயத்தின் மேல் எதையாவது பூசிக்கொண்டுதான் வருவார்கள். பற்பசை, பேனா மை, தோசை மாவு என்று ஏதாவது ஒன்று. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் அவர்கள் படும் வேதனையை எத்தனையோ நாள் டைரியில் எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, தீக்காயம் பட்டால் முதலில் என்ன செய்வது, ஆறும் வரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு சிறு புத்தகம் எழுதினேன். எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்று மின்னூலாக நானே வெளியிட்டேன். விலை நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.

உறவுக்காரர்கள் வாங்கினார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் வாங்கினார்கள். அதோடு நின்றுவிட்டது. யாருக்காக எழுதினேனோ அவர்களில் ஒருவர் கையிலும் அது போய்ச் சேரவில்லை. தீபாவளியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சேலத்தில் ஒரு பெண் மின்னூல்களுக்குத் தள்ளுபடி விளம்பரம் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். நாம் சில நாட்களுக்கு விலையைக் குறைத்துவிட்டு அவருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். தன்னிடம் பெயர் பதிந்திருக்கிற வாசகர்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அவர் செய்தி அனுப்புவார். எத்தனை பேர் செய்தியைத் தொட்டுப் புத்தகத்தின் பக்கத்துக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுவார். விசாரித்தேன், திருப்தியாக இருந்தது, பணம் கட்டினேன். மூன்று நாட்களுக்குப் புத்தகத்தின் விலை நாற்பத்தொன்பது ரூபாய் என்று முடிவானது.

என் கணவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். அவருக்கு இந்தத் தள்ளுபடி போதவில்லை.

"மொதல்ல வெலையை ஐந்நூறுன்னு ஏத்து. அப்புறம் தொண்ணூறு சதவீதம் தள்ளுபடின்னு போடு. எங்க கிஃப்ட் பாக்ஸெல்லாம் அப்படித்தான் போகுது."

"உங்க பெட்டியில போட்டிருக்கிற வெலையை நம்புறவுக யாராச்சும் இருக்காகளா?"

"ஒருத்தரும் நம்ப மாட்டாக. ஆனா வாங்குவாக."

பட்டாசுக்கு அது பொருந்தலாம். ஆனால் விலையிலேயே பொய் சொல்லிவிட்டு, உள்ளே நான் சொல்கிற வைத்தியத்தை நம்புங்கள் என்று எப்படிக் கேட்பது? இருக்கிற விலையையே குறைத்தேன். விளம்பரப் படத்தில் என் போன் நம்பரையும் போடச் சொன்னேன்.

முதல் நாள் சாயங்காலம் சேலத்துப் பெண் அழைத்தார். "அக்கா, கூட்டம் நல்லா வருது. ஆனா கடைக்குள்ள வந்து சுத்திப் பாத்துட்டு அப்படியே வெளிய போயிடுறாங்க. என்னன்னு தெரியல" என்றார். விற்றது விரல் விட்டு எண்ணும் அளவுதான். விலை இன்னும் அதிகமோ, அட்டைப்படம் சரியில்லையோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேன் டிரைவர். வேலை விடும் வரை அங்கேயே காத்திருப்பாராம்.

"அக்கா, தீக்காயப் புஸ்தகம் எழுதுனது நீங்கதானா?"

"ஆமா, சொல்லுங்க."

"கொஞ்சப் பக்கம் சும்மா பாக்கலாம்னு போட்டிருந்துச்சு. வேனை நிப்பாட்டிட்டு அம்புட்டையும் படிச்சேன். உங்களைப் பத்தி நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன். தீக்காயத்தைப் பத்தித்தான் ஒண்ணும் தெரியல."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே குழம்பிப் போய்த்தான் கேட்டார்.

"எம் வேன்ல வாரவுக அம்புட்டுப் பேரும் வெடிமருந்துல கைய வைக்கிறவுக. அதுக்குத்தான் பாத்தேன். காசைப் போடுறதுக்கு முன்னாடி உள்ள சரக்கு இருக்கான்னு தெரியணும்லக்கா?"

முக்கியமானதைப் போனிலேயே சொன்னேன். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. எதையும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா? இதை மொதப் பக்கத்துலயே போட்டிருக்கலாம்ல" என்றார்.

போனை வைத்ததும், என் புத்தகத்தின் இலவசப் பக்கங்களை வாங்க வந்தவளைப் போல முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன். முதலில் சமர்ப்பணம். அடுத்து ஒரு டாக்டரின் வாழ்த்துரை. அதற்கடுத்து என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான் எழுதிய அணிந்துரை. மனிதன் தீயைக் கண்டுபிடித்த காலத்தில் தொடங்கும் அந்த அணிந்துரை, ஏழாம் பக்கத்தில்தான் என்னிடம் வந்து சேரும். பிறகு என் முன்னுரை, நன்றியுரை. 'முதல் உதவி' என்ற தலைப்பு வந்த இடத்தில் இலவசப் பக்கங்கள் முடிந்துவிட்டன. அச்சுப் புத்தகத்தில் இதையெல்லாம் புரட்டித் தள்ளிவிட்டு வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம். போனில் பார்க்கிறவருக்கு இதுதான் புத்தகம். சேலத்துப் பெண் அழைத்து வந்த கூட்டத்தையெல்லாம் என்னைப் புகழ்கிறவர்களைக் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியது என்னவென்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எல்லா உரைகளையும் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டருக்குப் போன் செய்தேன். தாராளமாகச் செய்யுங்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அத்தானிடம் அப்படி எதிர்பார்க்க முடியாது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் புத்தகத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர். தன் அணிந்துரையைத் தனியாக ஜெராக்ஸ் எடுத்து, ஆலயத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் கொடுத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் பெயர் கீழே போய்விட்டது என்று சொந்தத் தம்பியிடமே ஒரு வருடம் பேசாதவர் வேறு.

சொல்லாமல் மாற்றிவிடலாம்தான். அப்படிச் செய்வது எனக்கு வழக்கமில்லை. இரண்டு தெரு தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க சிஸ்டரம்மா. எம்புட்டு வித்துச்சு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"கல்யாண வீட்டுல முன்வரிசையில உக்கார வச்சுட்டு, எல்லாரும் பாத்ததுக்கு அப்புறம் எந்திரிச்சுப் பின்னால போங்கன்னு சொல்ற. நல்லா இருக்கு."

"அத்தான், ஒருத்தன் வெந்த கையோட வந்து நிக்கான். மொதல்ல உங்களுக்கு மாலையைப் போட்டுட்டு அப்புறம் அவன் கையில தண்ணி ஊத்தவா?"

உள்ளே இருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தான் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"மொத வரி என்ன எழுதப் போற?" என்றார் கடைசியில்.

"'உடனே குழாயைத் திறங்கள்.'"

கொஞ்ச நேரம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. எங்கிட்டாச்சும் போடு. ஆனா ஒரு எழுத்தைக் குறைக்கக் கூடாது" என்றார். வழக்கமாக வாசல் வரை வந்து வழியனுப்புகிறவர், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். டிரைவரிடம் சொன்னதை அப்படியே ஒரே பக்கமாக்கி, புத்தகம் திறந்ததும் வரும்படி வைத்தேன். உரைகளெல்லாம் கடைசிக்குப் போயின. சேலத்துப் பெண்ணுக்குச் செய்தி சொன்னபோது அவர் தயங்கினார். முக்கியமானதை இலவசமாகவே கொடுத்துவிட்டால் அப்புறம் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் இருபது நிமிடத்தைச் சொல்லிக் கொடுத்தவரிடம்தான், கட்டுப் பிரிப்பதையும் தழும்பையும் பற்றிக் கேட்க வருவார்கள். வார்டில் அதைத்தானே பார்க்கிறேன்.

திருத்திய புத்தகத்தை ஏற்க மூன்று நாள் வரை ஆகலாம் என்று மின்னூலை விற்கும் தளத்தில் போட்டிருந்தது. விளம்பரத்தில் மிச்சம் இருந்ததோ ஒரே நாள். நல்லவேளையாக, மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது புதிய பக்கம் வந்திருந்தது. அன்று மத்தியானத்திலிருந்து விற்பனை ஏறியது. முதல் இரண்டு நாளில் விற்றதைவிடப் பல மடங்கு அந்த ஒரே நாளில் விற்றது. தள்ளுபடி முடிந்து பழைய விலைக்குத் திரும்பிய பிறகும் அது நிற்கவில்லை. டிரைவரும் வாங்கியிருந்தார். போன் செய்து, "மொதப் பக்கத்தைப் படம் புடிச்சு எங்க வேன் குரூப்புல போடலாமாக்கா?" என்று கேட்டார். தாராளமாகப் போடச் சொன்னேன்.

தீபாவளியன்று எனக்கு வேலை. வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கணவர் அழைத்து வந்தார். அதிரசம் சுடும்போது கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டியிருந்தது. துவைத்த வெள்ளைத் துணியை மேலே தளர்வாகப் போட்டிருந்தார்கள். வளையல்கள் சேலை முந்தானையில் முடிச்சாக இருந்தன. துணியை விலக்கினேன். மையும் இல்லை, மாவும் இல்லை.

"என்ன போட்டீக?" என்று கேட்டேன்.

"தண்ணிதான் சிஸ்டர். மையை எடுத்துட்டு வான்னு இவ கெடந்து கத்துனா. போன்ல வந்ததைக் காமிச்சு, குழாயடியில புடிச்சு நிப்பாட்டிட்டேன்" என்றார் கணவர்.

எந்தக் குழுவில் வந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு புத்தகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சுரண்டி எடுக்க எதுவும் இல்லாததால் சீக்கிரமே கட்டுப் போட்டுவிட்டேன். அந்தப் பெண் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அலறவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு புத்தகங்கள் எழுதிவிட்டேன், இரண்டுக்கும் கட்டணம் கட்டித் தள்ளுபடி விளம்பரம் செய்தேன், இரண்டும் நன்றாகவே போகின்றன. ஒவ்வொரு முறை எழுத உட்காரும்போதும், எதிரே ஒருவர் வெந்த கையைப் பிடித்தபடி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் வரியை எழுதுகிறேன்.