தின்னாத பூனைக்குப் போட்ட ஊசி

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்றால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது: முதலில் அது சாப்பிட வேண்டும், அப்புறம்தான் இன்சுலின். வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை மடமடவென்று இறங்கி உயிரே போய்விடும். இதை வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "மனப்பாடமே ஆயிடுச்சு, விடு" என்பார்.

போன புரட்டாசியில் தங்கச்சிக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை சிதம்பரம் போய்த் தங்கினேன். எங்கள் பூனை மீனைத் தவிர வேறெதையும் தொடாது. மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் கடலூரிலிருந்து கிளம்பினேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"மாமா, சாப்புட்டுச்சா?"

"சாப்புட்டுச்சு. ஊசியும் போட்டாச்சு. நீ உன் தங்கச்சியப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டால், "தூங்குது" என்றார். அந்த நேரத்தில் தூங்குகிற பூனையா அது? கத்தி ஊரைக் கூட்டுமே! தங்கச்சி திட்டத் திட்ட பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் ஒரே கற்பூரப் புகை. பெருமாளுக்குத் தளிகை போட நாத்தனார் வந்திருந்தார். பூனை பீரோவுக்கு அடியில் கிடந்தது. தலை ஆடுகிறது, பின்னங்கால் இழுக்கிறது. காதில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மெஷினில் பார்த்தால் வெறும் முப்பத்தெட்டு. படையலுக்கான சர்க்கரைப் பொங்கலுக்குக் காய்ச்சி வைத்திருந்த வெல்லப்பாகைத் தொட்டுத் தொட்டு ஈறில் தேய்த்தேன்.

"ஐயையோ, சாமிக்கு இன்னும் படைக்கலடி!" என்று நாத்தனார் அலறினார்.

"டப்பாவுல இருந்த மீன் எங்கக்கா?"

"புரட்டாசி சனிக்கிழமை வீட்டுக்குள்ள கவுச்சியா? கொட்டிட்டேன். தயிர்சோறு வச்சேன், மகாராணி மோந்துட்டுப் போயிட்டா."

வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"இல்லன்னு சொன்னா நீ போன்லயே அழுவ. அப்புறமா தின்னுக்கும்னு நெனச்சுப் போட்டேன்."

நாத்தனாருக்காவது விஷயம் தெரியாது. இவருக்குத் தெரியும். ஆனாலும் என்னை மாதிரி பயந்தாங்கொள்ளி கேட்கிற கேள்விக்கு உண்மையான பதிலா முக்கியம், என் வாயை மூடினால் போதாதா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மெல்லத் தலையைத் தூக்கிப் பூனை என் விரலை நக்கியது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். உடனே தீனி கொடு, ராத்திரி ஊசி வேண்டாம், தூக்கிக்கொண்டு வா என்றார்.

"போய் மீன் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"இன்னைக்கா? அக்கா இருக்கும்போதா?"

"இருக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்."

பையை எடுத்துக்கொண்டு போனார். மீன் கொதிக்கிற வாசனை வந்ததும் நாத்தனார் தளிகைப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் தடுக்கவில்லை. பூனை நாலு வாய் தின்றதும் கூடையில் வைத்து டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் பூனையும் கூடையில் என்னோடு வருகிறது. வழி நெடுகக் கத்துகிறது. கண்டக்டர் முறைக்கிறார். நானும் முறைக்கிறேன்.