குழிக்கு மேலே நின்றவன்

ஊட்டிப் பக்கம் எமரால்டு போகும் வழியில் மூடிக்கிடந்த ஒரு பழைய பெட்ரோல் பங்கில், மண்ணுக்குள் புதைத்திருந்த டாங்குகளை வெளியே எடுக்கும் வேலை. அங்கே என் உத்தியோகமே 'கூடாது' என்று சொல்வதுதான். பீடி கூடாது, செல்போன் கூடாது, இடுப்பில் கயிறு கட்டாமல் குழிப் பக்கம் வரக்கூடாது, நான் மீட்டரை வைத்துக் காற்றில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருத்தரும் உள்ளே இறங்கக்கூடாது. நாள் முழுக்க இதையே சொல்கிறவனோடு எவன் உட்கார்ந்து டீ குடிப்பான்? எனக்கு வாய் வேறு நீளம். கத்திவிட்டுத்தான் யோசிப்பேன்.

வேலையாட்கள் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். கேரட் தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் மண்வேலைக்கு வருகிறவர்கள். மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றி மாற்றி ஊற்றிச் சாப்பிடுவார்கள். நான் வேனுக்குள் தனியாகப் பார்சலைப் பிரிப்பேன். ஒருவன் மட்டும், "ஏனுங்ணா, மாட்டக் கட்டற மாதிரி எங்களையும் கட்டிப்போட்டீங்களே!" என்று கிண்டல் செய்வான். அங்கே என்னை அண்ணா என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். கிண்டல் செய்யவாவது ஆள் இருக்கிறதே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். அவன் மனைவியின் தம்பியும் அதே வேலையில் இருந்தான்.

ஒருநாள் சாரல் பிடித்துக்கொண்டது. நான் ரோட்டில் லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் இவர்கள் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்துவிட்டார்கள். கேரட் மூட்டைகளை மூடுகிற மாதிரியே குழியின் மேல் தார்ப்பாயைப் போட்டு, ஓரமெல்லாம் கல் வைத்து இறுக்கிவிட்டார்கள். தோட்டத்தில் அது பொறுப்பான வேலை. இங்கேயோ, மண்ணில் ஊறியிருந்த பெட்ரோலின் ஆவி வெளியேற வழியில்லாமல் குழிக்குள்ளேயே தேங்கிப்போனது. மழை விட்டதும் அந்தக் கிண்டல்காரன் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கி, உள்ளே கிடந்த மண்வெட்டியை எடுக்க இறங்கிவிட்டான்.

நான் ஓடி வரும்போது கீழேயிருந்து, "அண்ணா..." என்று ஒரே ஒரு குரல் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

மச்சினன் குதிக்கப் போனான். நான் அவனை இடுப்போடு கட்டிப்பிடித்துச் சேற்றில் தள்ளி மேலே விழுந்தேன். "உடுங்க! எங்க மாமாங்க! செத்துப்போயிருவாருங்க!" என்று கதறி என் கையைக் கடித்தான். "எறங்குனா நீயும் போயிருவடா! கயித்த இழுங்கடா எல்லாரும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நல்லவேளை, கீழே கிடந்தவன் இடுப்பில் கயிறு இருந்தது. இழுத்துப் போட்டார்கள். ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கண்ணைத் திறந்தான். பிழைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் என் பாடு திண்டாட்டம். "கீழ ஆளு கெடக்கறாரு, இந்தாளு தானும் எறங்கல, என்னையும் எறங்க உடல" என்று மச்சினன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். அதில் பொய் எங்கே இருக்கிறது? உள்ளே விழுந்தவனைத் தூக்கப்போய் ஒருவர் பின் ஒருவராகச் செத்தவர்களை நான் வேறோர் ஊரில் பார்த்தவன். அதையும் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு மண்ணை அள்ளப் போய்விட்டார்கள். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. சாயங்காலம் சோலூரில் என் வாடகை அறைக்குப் போனால் பேச்சுத்துணைக்குச் சுவர்தான். அழுகையாக வரும். ஆனாலும் மறுபடி அப்படி நடந்தால் பிடித்துத்தான் வைப்பேன், கடிக்கிறவன் கடிக்கட்டும்.

கடைசி டாங்கை லாரியில் ஏற்றிய அன்றைக்கு அந்தக் கிண்டல்காரன் வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். எனக்கு ஒரே சந்தோஷம். இவனாவது என்னோடு நாலு வார்த்தை பேசுவான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்ணா, அன்னிக்கு நான் உங்களக் கூப்புட்டது கேட்டுச்சுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"கேட்டுச்சு" என்றேன்.

"சரிங்க" என்றான். மச்சினனின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய்விட்டான்.