ஸ்கேலும் வளைந்த நாள்

2008-ஆம் வருடம், ஆவணி மாதம். சிவகாசியில் காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்த நேரம். ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் எனக்கு வேலை. மெஷினிலிருந்து வரும் முதல் ஷீட்டைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் மற்றது ஓடும். முப்பது வருடமாக என் கண் தப்பு செய்ததில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அன்றைக்கு ஓடியது எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி ஒன்றின் காலண்டர். ஷீட்டை எடுத்துப் பார்த்தால், தேதிக் கட்டங்களின் கோடுகள் நெளிந்திருந்தன. எனக்கு வந்ததே கோபம்! "கட்டம் போடச் சொன்னா கோலம் போட்டு வச்சிருக்கியேலே!" என்று மெஷின்மேனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம், பிளேட்டைக் கழற்றி வேறு மாட்டினார். அதிலும் நெளிசல். மூன்றாவது பிளேட்டும் அப்படியே. பக்கத்தில் இருந்தவர்கள் நேராகத்தானே இருக்கிறது என்றார்கள். எல்லாரும் கூட்டுச் சேர்ந்துகொண்டீர்களா என்று அவர்களையும் விடவில்லை.

மெஷின்மேன் ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து ஷீட்டின் மேல் வைத்தார்.

"கோவப்படாதீக அண்ணாச்சி. இந்த ஸ்கேலு நேரா இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ஸ்கேலும் வளைந்திருந்தது! ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணை மூடினால் எல்லாம் நேர். இடது கண்ணை மூடினால் நெளிசல், நடுவில் ஒரு மங்கல்.

மறுநாளே லீவு போட்டு என்னை மதுரைக்கு, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். தாடையை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி, கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். விழித்திரை அடுக்கடுக்காகத் திரையில் தெரிந்தது. வயதானால் வரும் நோய், நடுவில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. பார்வை திரும்புமா என்று கேட்டேன். கண் போனால் வேலையும் போச்சே.

டாக்டரம்மா அந்தப் படத்தில் ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "பார்வைக்கான செல்லுங்களோட வரிசைதான் இந்தக் கோடு, பெரும்பாலும் அறுபடாம இருக்கு. அதனால ஊசி போட்டா நல்லாத் தேறும்னு எதிர்பார்க்கலாம். இந்த ஓரத்துல மட்டும் விட்டுப்போயிருக்கு, அங்க கொஞ்சம் குறை நிக்கலாம். இன்னும் தள்ளிப்போட்டு வந்திருந்தீங்கன்னா, இவ்வளவு தைரியமாச் சொல்லியிருக்க மாட்டேன்."

கண்ணுக்குள் ஊசி என்றதும் உயிரே போய் வந்தது. மாதம் ஒன்றாக மூன்று ஊசி. கோடுகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. ஓரத்தில் மட்டும் சின்ன நெளிசல், அவர் சொன்னபடியே நின்றுவிட்டது.

வேலைக்குத் திரும்பிய அன்று மெஷின்மேனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க அண்ணாச்சி, கண்ணு வந்துச்சுல்ல, அம்புட்டுப் போதும்" என்று இங்க்கைக் கிளறப் போய்விட்டார். அன்றிலிருந்து ஷீட்டில் முதல் கையெழுத்து அவருடையது, அதற்குக் கீழேதான் என்னுடையது. முதலாளியிடம் நானே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

இன்றைக்கும் எதிரே எது கோணலாகத் தெரிந்தாலும், முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.